கருநீல விரல்கள்

வாலாஜாபாத்தில் இருக்கிற என் அக்காவின் வீட்டுக்காரர் தானே நடந்து போய்த்தான் ஆம்புலன்சில் ஏறினார். ஏறும்போது, கேஸ் சிலிண்டர் வந்தால் சீல் பார்த்து வாங்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வீடு திரும்பவில்லை. முகத்தைக்கூடச் சரியாகக் காட்டாமல் கொண்டுபோய்விட்டார்கள். கொரோனா இரண்டாவது அலையின் ஊரடங்கு அது. இந்தச் செய்தி எனக்குப் போனில் வந்தபோது அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிந்து அடுப்பே அணைந்த பிறகும் நான் போனைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டிருந்தேனாம். மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நடந்து போன மனுஷன் எப்படிச் செத்தான்? இந்த ஒரு கேள்வி என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் ஒன்றும் பயந்தாங்கொள்ளி இல்லை. பட்டுப் புடவைக் கடையில் வேலை. முகூர்த்த நாளில் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே ஒரே சமயத்தில் கத்தினாலும் அசராமல் புடவையை விரித்துப் போடுகிறவள். அப்படிப்பட்டவளுக்கு, கடையை மூடி வீட்டில் உட்கார வைத்ததும், ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வேர்த்தது. வைகாசித் திருவிழாவில் கால் வைக்க இடமில்லாத எங்கள் தெருவில் நாய் நடந்தால்கூடக் காலடி கேட்டது. அந்த அமைதியே என்னைக் கொன்றது.

மகள் ஆக்ஸிமீட்டர் வாங்கி வந்தாள். துணி உலர்த்தும் கிளிப் மாதிரி விரலைக் கவ்விக்கொண்டு, உடம்பில் பிராணவாயு எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகக் காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருந்தால் கவலையில்லை என்றாள். எனக்குத் தொண்ணூற்றெட்டு. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி வைத்தேன். அதே தொண்ணூற்றெட்டு. சாப்பிடும் முன்பு, சாப்பிட்ட பின்பு, மாடி ஏறிய பின்பு என்று வைத்துக்கொண்டே இருந்தேன். ராத்திரி தலையணைக்கு அடியிலும் அதுதான். ஒருநாள் மகள் பிடுங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

"இனிமே நீ இத்தத் தொடவே கூடாதும்மா. பாத்துக்கினே இருந்தா பயம் ஜாஸ்திதான் ஆவும்" என்றாள்.

காலேஜில் படிக்கிற பெண். கோபப்பட்டாலும் அம்மாவை அப்படியே விட்டுவிடவில்லை. யாரோ டாக்டர் பேசியதைப் போனில் போட்டுக் காட்டினாள். பயம் அதிகமானால் நெஞ்சு படபடக்குமாம், மூச்சு முட்டுமாம், உயிரே போகிற மாதிரி இருக்குமாம். ஆனால் அது நோய் இல்லையாம். கேட்டதும் அப்பாடா என்று இருந்தது. அவர் சொன்னபடி தினப்படி ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டேன். டிவி செய்தி சாயங்காலம் ஒரு வேளை மட்டும். வெயில் ஏறும் முன்பு மொட்டை மாடியில் நடை. எழுந்ததும் குளித்து, தலை சீவி, வேலைக்குப் போகிறவள் மாதிரி நல்ல புடவை கட்டிக்கொள்வது. தினம் ஒரு தோழிக்குப் போன் போட்டு கொரோனாவைத் தவிர வேறு எதையாவது பேசுவது. படபடப்பு வந்தால் கண்ணை மூடி, மூக்கால் மூச்சை இழுத்து, நிறுத்தி, வாயால் மெதுவாக விடுவது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே வேலை செய்தது. பால் பொங்கினால் ஓடிப் போய் அடுப்பை அணைக்கிற ஆளாக மறுபடி ஆனேன்.

என் வீட்டுக்காரருடைய வைத்தியம் வேறு. அவர் சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். பட்டறையை மூடியதும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொல்லையில் மூன்று கல்லை வைத்து விறகு அடுப்பு மூட்டி, அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, வீட்டில் மிச்சம் கிடந்த சாயத்தூளைக் கரைத்துவிட்டார். மிச்சம் இருந்ததோ கருநீலம் ஒன்றுதான். தலையணை உறை கருநீலம் ஆயிற்று. ஜன்னல் திரை ஆயிற்று. அவருடைய வெள்ளை வேட்டிகள் ஒன்றையும் விடவில்லை. என் நைட்டியைக் கொடியில் பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"சும்மா குந்திக்கினு இருந்தா பைத்தியம் புடிச்சிடும்டி. உனுக்கு மூச்சு வுடுறது, எனுக்கு இது" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல? சாயம் போட்டுத் தொலை என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு வாரத்தில் எனக்கு மேலெல்லாம் வலித்தது. கத்திரி வெயில், மாடியில் நடந்த அசதி என்று நினைத்தேன். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். பயம் திரும்ப வருகிறது என்று புரிந்துகொண்டு, படியிலேயே உட்கார்ந்து இழுத்து, நிறுத்தி, விட்டேன். அடங்கியது போல இருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோதும் அப்படித்தான். எதற்குமே பயப்படக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், மறுபடி ஆரம்பிச்சிட்டியா என்பார்கள்.

அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தார். குழம்பு உப்புக் கரிக்கிறது என்றார். நான் ருசி பார்த்தேன், கரிக்கவில்லை. உன் நாக்குதான் செத்துப் போச்சு என்று சண்டை போட்டேன். சொல்லி முடித்ததும் எனக்குத் திக்கென்றது. நாக்கில் ருசி மாறினால் என்னவென்று அப்போது ஊருக்கே தெரியும். அவர் வேறு காலையிலிருந்து இருமிக்கொண்டிருந்தார். விறகுப் புகை என்று நானும் விட்டிருந்தேன்.

மகளைக் கூப்பிட்டு ஆக்ஸிமீட்டரை எடுக்கச் சொன்னேன். சாயத்திலிருந்து எழுந்து வந்தவரை உட்கார வைத்து விரலில் மாட்டினோம். எண்பத்திரண்டு. மகள் கழற்றி அடுத்த விரலில் மாட்டினாள். எண்பத்தொன்று. அவர் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார். நல்லாத்தானே இருக்கேன் என்றார். அக்கா வீட்டுக்காரரும் நன்றாகத்தானே இருந்தார், நடந்துதானே போனார்!

பத்து நிமிஷத்தில் வீடு தலைகீழானது. அவரைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டோம். அதுவரை நன்றாக இருந்த மனுஷன் படுத்ததும் முனக ஆரம்பித்தார். ஒரு பையில் அவர் துணிகளை அடைத்தேன், எல்லாம் கருநீலம். மகள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள், காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா என்று. நான் குறுக்கே விழுந்து, ருசியே தெரியவில்லை, நல்ல குழம்பைக் கரிக்கிறது என்கிறார் என்றேன். எண் என்ன காட்டுகிறது என்றாள். சொன்னேன்.

"அவர் விரல்ல மருதாணி, நெயில் பாலிஷ் எதாவது இருக்குதாம்மா?"

எனக்கு வந்ததே கோபம். சாகக் கிடக்கிற ஆம்பளைக்கு நெயில் பாலிஷ் எதற்கு என்று கத்தினேன். கத்திக்கொண்டே போர்வைக்கு வெளியே கிடந்த அவர் கையைப் பார்த்தேன். நகத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கருநீலம். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண், அடர்த்தியான சாயம் இருந்தால் தப்பாகக் காட்டும், கால் விரலில் வைத்துப் பாருங்கள், வீட்டில் வேறு யாருக்காவது வைத்து மெஷின் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள் என்றாள்.

மெஷின் என் கையில்தான் இருந்தது. படுபாவி மனுஷா, அரை நாழியில் என்னை விதவையாக்கிப் பார்த்துவிட்டாயே என்று திட்டியபடி என் விரலில் மாட்டினேன். எண்பத்து நான்கு.

"மெஷினே அவுட்டு!" என்று போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தார் அவர். மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். காசு கொடுத்து ஓட்டை மெஷினா வாங்கி வந்தாய் என்று அவளைச் சாடினேன். அவள் சிரித்துக்கொண்டே வாங்கித் தன் விரலில் மாட்டினாள்.

தொண்ணூற்றொன்பது.

அவள் சிரிப்பு நின்றது. அப்பாவின் கால் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றேழு. என் கையைப் பிடித்து, விரலைத் தன் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்துவிட்டு மாட்டினாள். எண்பத்து நான்கு. வேறு விரல். எண்பத்து மூன்று. இன்னொரு கை. என் விரல்களில் ஒரு பொட்டு சாயம் இல்லை.

"உப்பு நெஜமாவே ஜாஸ்தியாதான் இருந்துச்சும்மா" என்றாள் மெதுவாக. "நீ கத்துவேன்னு நான் சொல்லல."

படியில் உட்கார்ந்தது, குடத்தை இறக்கி வைத்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தது. நோய்க்கு நான் பயம் என்று பேர் வைத்து, மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து இறங்கிப் பையைக் கவிழ்த்துத் தன் துணிகளைக் கொட்டினார். எதை எடுத்து வைப்பது என்று தெரியாமல் என் புடவை அலமாரி முன்னால் நின்றார்.

"லைன்ல இருக்கீங்களாம்மா? பேஷன்ட் எப்படி இருக்காரு?" என்று போன் கேட்டது.

"பேஷன்ட் அப்பா இல்லீங்க" என்றாள் மகள். "அம்மா."

அந்தப் பெண் என்னிடம் பேச வேண்டும் என்றாள். மூச்சு வாங்குகிறதா என்று கேட்டாள். அதெல்லாம் ஒன்றும் இல்லை, எனக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம், வீட்டில் ஒரு சாவு விழுந்ததிலிருந்து இப்படித்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை என்பதோடு நின்றது. மூச்சை இழுத்து, பயந்த என்றேன். மறுபடி இழுக்க வேண்டியிருந்தது. இதுவரை நான் பேசியதெல்லாம் இப்படித்தான் அவளுக்குக் கேட்டிருக்கும் போல.

"நீங்க பேச வேணாம்மா" என்றாள். "போனைப் பக்கத்துல குடுங்க. வண்டி அனுப்பறேன்."

அவரிடம் கொடுத்தேன். பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார். என் வயதைக் கேட்டபோது என்னைப் பார்த்தபடியே போனை மகளிடம் நீட்டினார். மகள்தான் வாங்கிச் சொன்னாள்.