மணி அடித்தும் எழாத அக்கா

எங்கள் அலுவலகத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கணினியில் மணி அடிக்கும். அடித்தால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வரவேண்டும். ஈப்போவில், ஒரு கடைவரிசையின் மேல்மாடியில், காப்புறுதிக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் வேலை எங்களுக்கு. காலையில் உட்கார்ந்தால் பிருஷ்டம் மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருப்போம். புதிதாக வந்த சீன மேலாளர் அம்மாள்தான் இந்த மணியை ஏற்பாடு செய்தார். அடித்ததும் அவரே முதல் ஆளாக எழுந்து, கைகளை வீசிக்கொண்டு படிக்கட்டுவரை போய்த் திரும்புவார். பின்னாலேயே மலாய்ப் பெண்கள் பேசிச் சிரித்தபடி போவார்கள். நானும் போவேன். நான் இடுப்பு வலிக்காரி, யார் தடுத்தாலும் போவேன்.

என் பக்கத்து மேசை அக்கா மட்டும் எழ மாட்டார்.

"வாங்கக்கா, ரெண்டு எட்டு நடந்துட்டு வருவோம்."

"நீ போ லா. நான் எழுந்தா பொஸ்ஸு கண்ணு மொதல்ல என் மேலதான் விழும்."

"பொஸ்ஸே நமக்கு முன்னால நடந்து போறாங்கக்கா!"

"அதான்டி. யாரு யாரு எழுந்து வர்றான்னு பாக்கத்தான் அந்த நடை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனால் அந்தப் பயம் எங்கே விளைந்தது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இருவருமே சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்தவர்கள். எங்கள் அம்மாக்கள் பால்மரம் வெட்டி, பால் எடுத்தவர்கள். வெட்டு முடிவதற்கு முன் மரத்தடியில் சற்று உட்கார்ந்ததை மேற்பார்க்கும் மண்டோர் பார்த்துவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான். சம்பளத்தில் பாதி போய்விடும். அங்கே உட்காருவது திருட்டுத்தனம். அலுவலகத்தில் எழுவது திருட்டுத்தனம் என்று அக்கா தானாகவே வைத்துக்கொண்டார். மேலாளருக்கு மண்டோரையும் தெரியாது, அரைப் பேரையும் தெரியாது. அவர் மனதாரத்தான் எழச் சொன்னார். இதை அக்காவிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை.

அக்கா ஒப்பந்த ஊழியர். வருடக் கடைசியில் நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு அடிபட்டது. கணவர் இறந்தபின் வயதான அம்மாவைத் தன்னோடு வைத்திருந்தார். அந்த வேலை போனால் வீடே ஆட்டம் கண்டுவிடும். அதனால் கழிவறைக்கு எழ வேண்டிவருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். மத்தியானப் பொட்டலத்தையும் மேசையிலேயே பிரித்தார். ஏர்கோன் குளிருக்குக் கம்பளிச் சட்டையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருப்பார். மணி அடிக்கும்போது இன்னும் வேகமாகத் தட்டுவார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

பிறகு இடது கால் வீங்கத் தொடங்கியது. சப்பாத்து காலில் ஏறவில்லை. மேசைக்கடியில் சிலிப்பரைப் போட்டுக்கொண்டு கெண்டைக்காலில் தைலம் தேய்த்தார். அந்த வாடை எங்கள் மூலை முழுவதும் நின்றது.

"ஒரு காலு மட்டும் இப்படி வீங்குனா சும்மா விடக்கூடாதுக்கா. கிளினிக் போலாம், நானும் வாரேன்."

"இந்த நேரத்துல எம்சி லீவு எடுத்தா கத கந்தல்தான். மொதல்ல பெர்மனென்ட் ஆக்கட்டும்லா. மறுநாளே போலாம்."

ஆக்கினார்கள். ஒரு காலையில் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்த அக்காவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. "நாளைக்கு லீவு சொல்லிட்டேன்டி. நீயும் வா, கிளினிக் போலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் வேலை முடிந்து படி இறங்கும்போது பாதியில் சுவரைப் பிடித்தார். மூச்சு முட்டுகிறது என்றார். அப்படியே என் மேல் சரிந்தார்.

மருத்துவமனையில் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்றார் டாக்டர். அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்தே இருப்பவரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். வெளியே நடைபாதையில் மேலாளர் கண்கள் சிவக்க நின்றிருந்தார். "எழுந்து நடக்கச் சொல்லித்தானே மணி வைத்தேன். அவர் ஏன் ஒருநாள்கூட வரவில்லை?" என்று என்னிடம் கேட்டார். எதைச் சொல்வது, எந்தத் தோட்டத்திலிருந்து தொடங்குவது?

மறுநாள் துக்க வீட்டுக்குப் போனேன். முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். மாலை போட்டிருந்த படத்தில் அக்கா அலுவலக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எடுத்ததாம். இந்தப் படத்தைத்தான் வைக்க வேண்டும் என்று அவர் அம்மா பிடிவாதமாக நின்றாராம். என்னைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"நான் வெயில்லயும் மழையிலயும் நின்னே தேஞ்சவம்மா. எம் புள்ள ஒரு நாளும் நின்னு வேல பாக்கல. ஒக்காந்துதான் பாத்தா. அந்த மட்டுக்கும் நான் குடுத்து வெச்சவ."

டாக்டர் சொன்னது தொண்டைவரை வந்துவிட்டது. இந்தத் தாயிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. அடக்க முடியாமல் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். பிறகு, தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த இளைய மகளைக் காட்டிக் குரலைத் தாழ்த்தினார்.

"இவ கிளவ் பேக்டரில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறாம்மா. அக்கா எடம் இப்ப காலியாத்தானே இருக்கும்? ஒங்க பொஸ்ஸுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாரேன். இவளாச்சும் ஒக்காந்து பொழைக்கட்டும்."