கஞ்சிக் கிடாரத்தில் நாற்பத்திரண்டு மீன்கள்

அழிந்துபோகும் நிலையில் உள்ள உயிர்களைக் காப்பாற்றும் வேலைக்கு அரசாங்கம் என்னை எடுத்தபோது ஒரு காக்கிச் சட்டையும் ஒரு வாளியும் தந்தது. சட்டை பெரியது. வாளி சின்னது. நான் சாதாரண தரம், பதினோராம் வகுப்பு, வரைக்கும் படித்தவன். கள உதவியாளர் என்பது பதவியின் பெயர். யானை, சிறுத்தை பார்க்கும் வேலை என்று ஊரில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு மீன்.

பிள்ளைகளே, அந்த மீனைப் பார்த்தால் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. உங்கள் நடுவிரல் நீளம் இருக்கும். உடம்பில் கறுப்புப் புள்ளிகள். ஆண் மீனுக்கு முதுகுச் செட்டையிலிருந்து நூல் நூலாகத் தொங்கும், தைத்து முடிக்காத சட்டை மாதிரி. இந்த வகை மீனுக்குச் சிங்களத்தில் பெத்தியா என்று பெயர். எங்கள் ஊரிலும் அதே பெயர்தான். ஆனால் இந்தப் பெத்தியா எங்கள் மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் மட்டும் இருக்கிறது, உலகத்தில் வேறு எங்கும் இல்லை என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சின்ன வயதில் அதைப் பொரித்துத் தின்றிருக்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு பெண் அதிகாரி. நாங்கள் அவரை மிஸ் என்போம். அலுவலகத்தில் எல்லோரும் என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டதால் அவரும் நானா என்றே கூப்பிட்டார். தலைமை தாங்குவது என்றால் கடிதம் எழுதுவது என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதில் வராவிட்டால் அதே கடிதத்தை வேறு திகதி போட்டு எழுத வேண்டும்.

அந்த வருடம் தை மாதத்தோடு மழை நின்றுவிட்டது. ஓடை அறுந்து குட்டை குட்டையாக ஆனது. பிறகு குட்டைகளும் ஒவ்வொன்றாகக் காய்ந்து, கடைசியில் ஒன்று மிஞ்சியது. அது ஒரு பாய் விரித்த அளவு. மீன்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. பக்கத்து மிளகுத் தோட்டக்காரர் அதிலும் மோட்டாரை வைத்திருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மிளகுக் கொடியும் தண்ணீர்தான் குடிக்கும்.

மீன்களை வேறு இடத்துக்கு மாற்ற மிஸ் மேலிடத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார். அடுத்த குழுக் கூட்டத்தில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. அந்த விபரம் மீன்களுக்குத் தெரியாது. ஒரு காலையில் நான் குட்டையின் பக்கத்தில் நின்று மிஸ்ஸுக்கு போன் எடுத்தேன்.

"மிஸ், தண்ணி என்ட முழங்காலுக்கும் கீழ போச்சு. இன்னும் ரெண்டு நாள்தான்."

மறுமுனையில் அவர் கோப்பை மூடும் சத்தம் கேட்டது.

"நானா, நீங்கள் என்ன செய்வியளோ எனக்குத் தெரியாது. மழை வரும் வரைக்கும் எனக்கு அதுகள் உயிரோட வேணும்."

கட்டிலில் கட்டும் நுளம்பு வலையால் பிடித்தேன். நாற்பத்திரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். தண்ணீர் ஊற்றிக் கட்டிய பொலித்தீன் பைகளில் போட்டு, முச்சக்கர வண்டியில் வைத்து நேராக எங்கள் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோனேன்.

தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவும் பெரிய சீமெந்துத் தொட்டியை நாங்கள் ஹவுல் என்போம். எங்கள் ஹவுலுக்கு மேட்டு ஊற்றிலிருந்து குழாயில் தண்ணீர் வருகிறது. கடும் கோடையிலும் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். குளோரின் இல்லை. மேலே கூரை இருப்பதால் கொக்கு வராது. அரசாங்கம் கட்டினால்கூட இதைவிட நல்ல தொட்டி கட்டாது. கட்டத் தொடங்கியிருந்தால் இன்றைக்கும் கட்டிக்கொண்டிருக்கும்.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியாருக்கு இது பிடிக்கவில்லை. யட்டவத்தையில் கடை வைத்திருப்பவர், எதையும் இரண்டு தடவை கேட்பவர்.

"வுளு எடுக்கிற தண்ணில மீனா?"

பாங்கு சொல்லும் மோதினார் எனக்காகப் பேசினார். "முந்தி நொளம்புக்கு விட்ட மீன் ஈந்திச்சுதானே ஹாஜியார். அதுகள் செத்து இப்ப எடம் சும்மா ஈக்குது."

"அது சும்மா மீன். இது கவர்மெண்ட் மீன். ஒண்டு செத்தா என்னயத்தான் கேப்பாங்க."

"மழ பேயுற வரைக்கும்தான் ஹாஜியார்," என்றேன்.

"மழ எப்ப பேயும்?"

"அது எனக்குத் தெரியா."

"இவ்ளோ பெரிய டிபார்ட்மெண்ட்ல ஈந்துக்கிட்டு அதுவும் தெரியாதா?"

கடைசியில் சம்மதித்தார். நான் அலுவலகப் படிவத்தை நிரப்பினேன். மீன்கள் எங்கே மாற்றப்பட்டன என்ற கேள்விக்கு ஓடை, குளம், வயல், வேறு என்று நான்கு கட்டங்கள் இருந்தன. 'வேறு' என்பதில் அடையாளம் போட்டு, 'பொதுத் தொட்டி. தினமும் ஐந்து வேளை மேற்பார்வை உண்டு' என்று எழுதினேன். மேற்பார்வை நன்றாக இருக்கிறது என்று மிஸ் பாராட்டினார்.

இனி என்னுடைய பிழையைச் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கலண்டர்கள் உண்டு. அலுவலக வேலைக்கு ஒன்றைப் பார்ப்பேன். நோன்பு, பெருநாளுக்கு மற்றதைப் பார்ப்பேன். இரண்டையும் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன் எங்கள் ஊரில் பள்ளிவாசலைக் கழுவுவார்கள். பாய்களைத் துவைத்து, சுவருக்குச் சாயம் பூசி, ஹவுலை வற்றவைத்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பார்கள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வருடா வருடம் நானும் தேய்ப்பவன். அந்த வருடமும் தேய்க்க வருவேன் என்று பெயர் கொடுத்திருந்தேன். மீன்களும் அதே ஹவுலில்தான் இருக்கின்றன என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அலுவலகத்தில் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மோதினாரின் அழைப்பு வந்தது.

"தம்பி, நீங்க வரல்லயா? உங்கட பேரும் லிஸ்ட்ல ஈக்குது. ஹவுல் கழுவி முடியப் போகுது."

"மீன்?" என்று கேட்டேன்.

"மீன் எல்லாம் கிடாரத்துல."

மிஸ் தலையை நிமிர்த்தினார். "என்ன நானா, ஏதும் பிரச்சினையோ?"

"இல்ல மிஸ். மீன் கிடாரத்துல ஈக்குதாம்."

"எந்தக் கிடாரம்?"

"பள்ளியில நோன்புக் கஞ்சி காச்சுற கிடாரம்."

மிஸ் பேனாவை மூடி வைத்தார். "உண்மையைச் சொல்லுங்கோ. சமைச்சுப் போட்டினமோ?"

அப்போதுதான் பொதுத் தொட்டி என்பது எந்தத் தொட்டி என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். அலுவலக வாகனம் திருத்தப் போயிருந்ததால் முச்சக்கர வண்டியில் போனோம். வழி முழுக்க மிஸ் ஒரே கேள்வியைக் கேட்டார். "கிடாரம் செம்போ, அலுமினியமோ?" செம்புப் பாத்திரத்தில் நின்ற தண்ணீர் மீனுக்கு விஷம் என்று அன்றைக்குத்தான் நான் அறிந்தேன். எங்கள் பள்ளியில் இரண்டு கிடாரங்கள் உண்டு. ஒன்று செம்பு, மற்றது அலுமினியம். மீன்கள் அலுமினியத்தில் இருந்தன. ஏன் என்று மோதினாரிடம் கேட்டேன். "மத்தது பாரம்," என்றார். இதைத் திட்டமிடல் என்று பிறகு அறிக்கையில் எழுதினோம்.

நாற்பத்திரண்டும் உயிரோடு இருந்தன. மிஸ் பள்ளி முற்றத்தில் நின்று எண்ணினார். சாதிக்காய் மரத்தின் கீழே அவருக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டார்கள். பிளீச்சிங் பவுடர் போட்ட ஹவுலை நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். நூல் மாதிரி வரும் குழாயால் அது நிரம்ப இரண்டு நாளாவது செல்லும். அதுவரை மீன்கள் கிடாரத்தில் இருக்கட்டும் என்று மிஸ் சொன்னார்.

பின்னேரம் கஞ்சி காய்ச்சும் மூத்தவர் விறகோடு வந்தார். ஊரில் எல்லோரும் அவரைக் காக்கா என்போம். கிடாரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்த வருஷம் மீன் கஞ்சியா?"

நான் விஷயத்தைச் சொன்னேன். செம்புக் கிடாரத்தில் காய்ச்ச முடியுமா என்று கேட்டேன்.

"அதுட ஈயம் எல்லாம் போய்ட்டு. அதுல காச்சினா ஊருக்கே வயித்தால போகும். பெருநாளைக்கு நீங்க மட்டும்தான் மிஞ்சுவீங்க, மீனோட."

மிஸ் கேட்டார், "ரெண்டு நாளைக்குப் பொறுக்க ஏலாதோ?"

"பிறை கண்டா நாளைக்கு நோன்பு மிஸ். பகல் லுஹர் தொழுகைக்கு முந்தி கிடாரம் அடுப்புல ஈக்கணும். காணாட்டி ஒரு நாள் தாரேன். என்னோட கதைச்சு வேலயில்ல, பிறையோட கதைங்க."

அன்று மாலை எல்லோரும் மேட்டில் ஏறி மேற்கே பார்த்தோம். வாழ்நாளில் எல்லா வருடமும் பிறை தெரிய வேண்டும் என்றுதான் நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒரு முகில் வந்தால் நல்லது என்று நினைத்தேன். மழைக்காகத்தான் நினைக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முகில் ஒன்றுகூட இல்லை. மெல்லிய நகக்கீறல் மாதிரி பிறை வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வானொலியிலும் அறிவித்தார்கள். பக்கத்தில் நின்ற காக்கா என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டில் அனுதாபமும் இருந்தது, கிடாரமும் இருந்தது.

மறுநாள் காலை மிஸ் வந்தபோது ஹவுலில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். குளோரின் மணமும் போகவில்லை. என் வாளியில் மூன்று மீன் போட்டாலே நெருக்கம். காக்கா அரிசியை ஊறவைத்துவிட்டு, எந்த எந்த வீட்டுக்குக் கஞ்சி போகும் என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பாத்திரம் பள்ளிக்கு வரும். பட்டியலைப் பார்த்துக் கஞ்சி ஊற்றிக் கொடுப்பார்கள்.

மிஸ்ஸும் நானும் யோசித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவருக்குப் பொறுமை போனது.

"இந்தாங்க லிஸ்ட். கஞ்சி குடுக்கிற மாதிரி மீனயும் வீடு வீடா குடுத்து முடிங்க."

"அது நல்ல யோசினை," என்றார் மிஸ்.

காக்கா பயந்துவிட்டார். "நான் பகிடிக்குச் சொன்னன் மிஸ்."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

பட்டியலில் இருபத்தொரு வீடுகள். வீட்டுக்கு இரண்டு மீன். மோதினார் ஒலிபெருக்கியில் அறிவித்தார். "கஞ்சி எடுக்க வாரவங்க பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு வாங்க. மீன் எடுக்க வாரவங்க இப்பவே வாங்க." பாதிப் பேர் சமைக்கும் மீன் என்று நினைத்துப் பையோடு வந்தார்கள். திருப்பி அனுப்பி, பாத்திரத்தோடு வரச் சொன்னோம். மிஸ் ஒவ்வொருவருக்கும் சொன்னார்: கிணற்றுத் தண்ணி மட்டும். சவர்க்காரக் கை வைக்கக் கூடாது. பாண், சோறு ஒண்டும் போடக் கூடாது. மூடி போட்டால் ஓட்டை வையுங்கோ.

ஒரு பெண் கேட்டார், "மிஸ், இதுகளுக்கும் நோம்பா?"

"ரெண்டு நாளைக்கு ஓம், நோன்புதான்," என்றார் மிஸ்.

ஹாஜியார் கண்ணாடிச் சாடி ஒன்றோடு வந்தார். தலைவர் என்பதால் நூல் தொங்கும் ஆண் மீன் ஒன்றும் பெண் மீன் ஒன்றும் கொடுத்தோம். கஞ்சிப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் நேரே மிஸ் கையொப்பம் போட்டார். அழியும் இனம் ஒன்றைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் உள்ள பதிவேடுகளில், எல்லா வீடும் சரியாக இருந்தது அது ஒன்றுதான்.

காக்கா கிடாரத்தை மூன்று தடவை கழுவி, மூன்று தடவையும் மணந்து பார்த்தார். கஞ்சிப் பாத்திரங்களில் மீன் இருந்ததால் அஸருக்குப் பிறகு சனங்கள் கேத்தலோடும் தண்ணீர்ச் செம்போடும் கஞ்சிக்கு வந்தார்கள். நோன்பு திறந்து முதல் வாய் குடித்ததும் எல்லோரும் காக்காவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர், "கஞ்சி கஞ்சி மாதிரித்தான் ஈக்குது," என்றார். காக்காவுக்கு உயிர் வந்தது.

மூன்றாம் நாள் ஹவுல் நிரம்பி மணமும் போனது. பாத்திரங்கள் திரும்பி வந்தன. பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வீடாக எண்ணி ஹவுலில் விட்டோம். இருபது வீடு சரி. கடைசியாக ஹாஜியார் வந்து சாடியைக் கவிழ்த்தார். இரண்டு மீன்கள் விழுந்தன. பெண் மீன் எங்கள் மீன். மற்றதற்கு நூலும் இல்லை, புள்ளியும் இல்லை. வயல் வாய்க்காலில் யாரும் பிடிக்கலாம், அந்த மாதிரி மீன்.

"எண்ணிக்க சரிதானே மிஸ்?" என்றார் ஹாஜியார். அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை.

மிஸ் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அந்த மீன்களுக்காக அவர் எத்தனை கடிதம் எழுதினார் என்று எனக்குத் தெரியும்.

"எண்ணிக்கை சரி, ஹாஜியார்," என்றார்.

அலுவலகப் படிவத்தில் அவர் எழுதியதைப் பிறகு வாசித்தேன். 'உயிரோடு நாற்பத்தொன்று. மேலதிகமாக ஒன்று, வேறு இனம், சுகமாக உள்ளது.'

நோன்பின் கடைசிக் கிழமையில் மழை வந்தது. ஓடை ஓடத் தொடங்கியதும் மீன்களைக் கொண்டுபோய் விட்டோம். ஊரே வந்தது. மிளகுத் தோட்டக்காரரும் வந்து, அந்தக் குட்டையிலிருந்து மோட்டாரைக் கழற்றிவிட்டேன் என்று சொன்னார். மீன்களை மாற்ற அனுமதிக்கும் கடிதம் அதற்கு அடுத்த கிழமை வந்தது.

மீன்கள் கல்லுக்குள் ஓடி மறைந்த பிறகு ஹாஜியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்டு கொறையுது," என்றார்.

நான் வாளியை ஓடையில் கழுவினேன்.

"எங்கட வீட்டுப் பூன. நான் நடுச்சாமத்துல தஹஜ்ஜுத் தொழுற நேரம் பாத்து... மிஸ்ஸுக்குச் சொல்ல வேணாம்."

"சொல்ல மாட்டேன் ஹாஜியார்."

மூன்றடி தள்ளி மிஸ் நின்று தண்ணீரின் சூட்டைக் குறித்துக்கொண்டிருந்தார். எழுத்து ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்து எழுதினார்.

ஹாஜியாரின் வாய்க்கால் மீன் இன்னும் எங்கள் ஹவுலில் இருக்கிறது. இந்த வருடம் ஹவுல் கழுவும் நாளைக் குறித்தபோது நான் இரண்டு கலண்டரையும் ஒன்றாகப் பார்த்தேன். ஆனால் அதற்குத் தேவை இருக்கவில்லை. காலை முதல் ஆளாக ஹாஜியார் அந்தக் கண்ணாடிச் சாடியோடு வந்து, மீனைத் தன் கையாலேயே பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார். இரண்டு நாளும் பூனையை வெளியே விட்டுக் கதவைப் பூட்டியிருந்தாராம். அது பாதுகாக்கப்பட வேண்டிய இனம் இல்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை.