பேபி அக்காவின் பெயர்

அந்தத் திங்கட்கிழமை காலை எழுந்ததும் முதலில் குளிசையைத்தான் விழுங்கினேன். நாற்பது தாண்டித் தரித்த பிள்ளை. "குளிசை போட்டனியோ?" என்று முன்பள்ளியில் என்னோடு படிப்பிக்கும் பேபி அக்கா கேட்பதற்குள் போட்டுவிடுவது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகியிருந்தது.

மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது மதிலில் பசை காயாத ஒரு கண்ணீர் அஞ்சலி. படம் இல்லை. 'நாகபூஷணி' என்று பெரிய எழுத்தில் இருந்தது. யாரோ, பாவம் என்று நினைத்தபடி பஸ் ஏறினேன்.

எங்கள் முன்பள்ளி வாசலில் மற்ற ஆசிரியை ரஞ்சி என் கையைப் பிடித்தாள். "பேபி அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. நேற்று மத்தியானம் நெஞ்சு நோகுதெண்டு படுத்தவவாம், எழும்பேல்லை. பிள்ளைத்தாச்சிக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு நாங்கள் போன் எடுக்கேல்லையடி. சந்தியிலை நோட்டீஸ் ஒட்டியிருக்கே, காணேல்லையோ?"

கண்டேன். வாசித்தேன். வாசித்துவிட்டு, பஸ்ஸில் யன்னலோர இடம் தேடியிருக்கிறேன்.

அவரை அறிந்த உங்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? ஊரவர்கள் நடத்தும் முன்பள்ளி. பதிவுப் பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. அவரோ எல்லாப் பிள்ளைகளின் பெயருக்கும் பொருள் கேட்பார். ஒருமுறை டுஜிதா என்ற சிறுமியைச் சேர்க்க வந்த தாயிடமும் கேட்டார்.

"தெரியாது ரீச்சர். 'டு'விலை தொடங்கவேணுமெண்டு சாத்திரியார் சொன்னவர்."

"அவர் எழுத்தைத்தானே தந்தவர்? மிச்சத்தை ஆர் தந்தது?"

"இன்ரநெற்."

பேபி அக்கா சிரிப்பை அடக்கவில்லை. பிறகு சிறுமியின் முன் குனிந்து, "நீ வளந்து நல்லா இருந்தால் அதுதான் பொருள், என்ன?" என்றார்.

"பேபி எண்டால் என்ன பொருளாம்?" என்று நான் சீண்டினேன்.

"கிழவியாகாத ஆள்!"

என் பிள்ளைக்கும் அவரே பெயர் வைப்பதாக இருந்தது. "பெட்டையெண்டால் ஒரு பேர் வைச்சிருக்கிறன். பிறக்கட்டும். முந்திச் சொன்னால் உன்ரை மனுசன் போனிலை தேடத் தொடங்கிவிடுவார்."

பிள்ளைத்தாச்சி செத்தவீட்டுக்குப் போவதில்லை. இணுவிலில் அவர்களின் படலைக்கு வெளியே, வீதியில் நின்றேன். பறைச் சத்தத்துக்கு வயிற்றில் பிள்ளை அசைந்தது. வெளியே வந்த அவருடைய தம்பியாரிடம் அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டேன்.

"அம்மா கனகாலம் பிள்ளையில்லாமல் நயினாதீவு அம்மாளுக்கு நேர்த்தி வைச்சு அக்காவைப் பெத்தவ. அதுதான் அம்மாளின்ரை பேர். நாகத்தை நகையாப் போட்டவள் எண்டு பொருள்."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"பாம்பெண்டால் சின்னப் பிள்ளையள் பயப்பிடுங்கள் எண்டுவா. வீட்டிலையும் பேபிதான். அம்மாவுக்குப் பிறகு அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தருமில்லை."

என் பிள்ளைக்கென்று அவர் வைத்திருந்த பெயர் என்னவென்று இனித் தெரியப்போவதில்லை. பெயருக்கு என்ன பொருள் என்று அவர் கேட்கும் அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது. என் மகள் கேட்டால் சொல்வதற்குப் பதிலும் இருக்கிறது.

பெண் பிறந்தால் நாகபூஷணி. வீட்டுப் பெயர் என்று வேறொன்று கிடையாது. சாப்பிடக் கூப்பிடுவதும் அந்த முழுப் பெயரால்தான். இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை.