பேட்டரிக்குச் சாத்திய பட்டு

பட்டு எரிந்தால் தலைமயிர் எரிந்த நாற்றம்தான் வரும். கல்யாணத்துக்குக் கல்யாணம் காஞ்சிப் பட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் பலருக்கு இது தெரியாது. எனக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது. அதோடு பேட்டரி "ஆசிட்டின்" புளித்த நெடியும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். இன்றைக்கும் ஜவுளிக்கடையில் அசல் ஜரிகைதானா என்று பார்ப்பதற்காக யாராவது ஒரு நூலை உருவித் தீக்குச்சி கிழித்தால், நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

எங்கள் அப்பாவிடம் ஒரு லாரி இருந்தது. அதைப் பற்றி ஆசையாக எழுத எனக்கு ஒன்றுமில்லை. சீட்டில் ஊறிப்போன வியர்வை, காலடியில் வெற்றிலை எச்சில், எங்கே கை வைத்தாலும் பிசுபிசுக்கும் கிரீஸ். சாதாரண நாட்களில் திருமுக்கூடல் பக்கம் போய் ஆற்று மணல் ஏற்றிவரும். ஊர்வலம், திருவிழா, தேர்தல் என்று வந்துவிட்டால் மணலைக் கூட்டித் தள்ளிவிட்டு "மைக் செட்டு" கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். கண்ணாடிக்கு மேலே வரிசையாகச் சாமி படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்பு பல்பு. அவை ஒருபோதும் அணையக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அந்த பல்புகளும் இரண்டு குழாய் ஸ்பீக்கர்களும் சேர்ந்து இருந்த ஒரே பேட்டரியை உறிஞ்சிவிடும். ஒரு மாப்பிள்ளை அழைப்பின்போது நட்டநடு ராஜவீதியில் லாரி நின்றுபோய், சம்பந்திகள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். அப்பாவால் அந்த அவமானத்தைப் பொறுக்க முடியவில்லை. தணிகாசலத்துக்கு ஆள் அனுப்பினார்.

தணிகாசலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் கடை வைத்திருந்த வயர்மேன். எப்போதும் கறுப்புச் சட்டைதான். சாமி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறவர். வேலைக்காக மட்டுமே அப்பா அவரைச் சகித்துக்கொண்டார். அவர் வேலை செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அந்த லாரியில் நான் பார்த்த சுத்தமான காரியம் அது ஒன்றுதான். வண்டியைக் கிளப்ப ஒரு பேட்டரி, மைக் செட்டுக்கும் சாமி விளக்குக்கும் இன்னொன்று. இரண்டையும் தார் பூசிய ஒரே மரப்பெட்டியில் அசையாதபடி வாரால் இறுக்கினார். பெட்டிக்கு மூடி போட்டு, சார்ஜ் ஏறும்போது கிளம்பும் வாயு வெளியேறத் துளைகள் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரு "கத்தி சுவிட்ச்". எஞ்சின் ஓடும்போது அதைப் போட்டால் இரண்டிலும் சார்ஜ் ஏறும். எஞ்சினை நிறுத்தியதும் தூக்கிவிட்டால் பாட்டு எவ்வளவு பாடினாலும் முதல் பேட்டரிக்குச் சேதமில்லை. மைக் செட்டுக்குப் போகும் வயரில் பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் வைத்தார். தகட்டு ஓட்டை வழியாக வயர் நுழைகிற இடத்திலெல்லாம் பழைய டியூபை வெட்டிச் சுற்றினார்.

முடித்ததும் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அண்ணே, இந்த மூடி மூடியே இருக்கணும். தொறந்தா மேல எதுவும் வைக்காதீங்க. ஃபியூஸ் வச்சிருக்கேன், வாஸ்தவம்தான். ஆனா ஃபியூஸுக்கு முன்னாடியே எதுனா ஒரசிச்சின்னா அது இன்னா பண்ணும்?"

அப்பா தலையாட்டினார். தணிகாசலம் போனதும், "எனக்கே புத்தி சொல்றான் பாரு" என்று காறித் துப்பினார்.

ஆயுத பூசை வந்தது. எங்கள் ஊரில் எதற்கு மரியாதை செய்வதானாலும் பட்டு சாத்துவார்கள். தறிக்குச் சாத்துவார்கள், தராசுக்குச் சாத்துவார்கள், மாவரைக்கும் மிஷினுக்குக்கூடச் சாத்திப் பார்த்திருக்கிறேன். புது பேட்டரிக்குச் சாத்தாவிட்டால் குறையாகிவிடுமாம். அப்பா பெட்டியின் மூடியைக் கழற்றினார். அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பக்கத்து வீட்டுத் தறியில் பாழாகிப்போன ஒரு முந்தித் துண்டு எங்களிடம் இருந்தது. முழம் அகலத்துக்கு வெள்ளிக் கம்பி சுற்றிய அசல் ஜரிகை. அதை என் கையில் கொடுத்து, "கன்னிப் பொண்ணு சாத்தட்டும்" என்றார் அப்பா.

எனக்குத் தணிகாசலம் சொன்னது நினைவிருந்தது. "மேல எதுவும் வைக்கக்கூடாதுன்னு அவரு சொன்னாரேப்பா" என்றேன். "சாமியே இல்லன்றவன் பேச்சு எதுக்கு உனக்கு? நல்லா அழுத்தி வைம்மா" என்றார்.

அழுத்தி வைத்தேன். படபடவென்று சத்தம் கேட்டது. பேட்டரியின் இரண்டு ஈயக் குமிழ்களுக்கும் நடுவே ஜரிகையில் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. பட்டு சுருண்டு கருகி அந்த மயிர் நாற்றம் மூக்கில் ஏறியது. நான் கையை இழுத்துக்கொண்டு பின்னால் தாவிய அடுத்த கணம் பேட்டரி வெடித்தது. அப்பாவின் காலிலும் என் பாவாடையிலும் ஆசிட் தெறித்தது. அம்மா ஒரு குடம் தண்ணீரை எங்கள் மேல் கொட்டினாள்.

தெரு திரண்டுவிட்டது. அதற்குள் அம்மா கருகிய துண்டை வாழையிலைக் குப்பையோடு சேர்த்து வாரி எடுத்துப்போய்விட்டாள். அப்பா திண்டாடவே இல்லை. "நாத்திகன் கை பட்ட வேலை, வெடிக்காம இன்னா பண்ணும்?" என்று ஊரைக் கூட்டினார். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த தணிகாசலம் பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார். அத்தனை பெரியவர்கள் நிற்க, உண்மை சொல்வேன் என்று என்னைத்தான் நம்பினார் போலிருக்கிறது.

"பாப்பா, நீ கூட இருந்தியேம்மா. மேல எதுனா போட்டாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். "ஒண்ணும் போடல" என்றேன்.

தணிகாசலம் என் பாவாடையில் விழுந்திருந்த ஓட்டைகளைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதன்பிறகு கைராசி இல்லாதவன் என்று பெயர் கட்டிவிட்டார்கள். லாரிக்காரர்கள், பஸ்காரர்கள் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. தீபாவளிக்குள் கடை மூடிக் கிடந்தது. மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வாலாஜா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அப்பாவோ அந்த வருடம் கோயிலில் கூடுதலாக ஒரு அபிஷேகம் செய்து, அகப்பட்டவர்களுக்கெல்லாம் சர்க்கரைப் பொங்கலை ஊட்டாத குறையாக ஊட்டினார். நான் அந்தப் பொங்கலைக் கிணற்றடிக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

இப்போது அந்த லாரி இல்லை. அது நின்ற இடத்தில் பட்டுச் சேலைக் கடை இருக்கிறது, வாசலில் குளிர்காற்று வீசுகிறது. மைக் செட்டு, குழாய் ஸ்பீக்கர், தள்ளிவிடும் சம்பந்திகள் எல்லாம் போயாயிற்று. எதற்காகவும் நான் ஏங்கவில்லை. தணிகாசலத்தை மட்டும் வாலாஜாவில் இரண்டு முறை போய்த் தேடினேன். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள்கூட அங்கே இல்லை.

இத்தனை வருடமும் ஒரு விஷயத்தில் அப்பாவுக்குச் சலுகை கொடுத்து வைத்திருந்தேன். பக்தி முற்றிய மனிதர், வெடித்ததற்கு நாத்திகன் கைதான் காரணமென்று மனதார நம்பிவிட்டார், பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று. அவர் படுக்கையில் விழுந்த வருடம் ஒரு காலைவேளையில் மனம் தாங்காமல், "அன்னைக்கு வெடிச்சது அந்தப் பட்டாலதாம்பா" என்றேன்.

"தெரியும்" என்றார். "ஜரிகை உருகி ஈயத்து மேல மணி மணியா ஒட்டிக்கினு இருந்துச்சே. அவன் வர்றதுக்குள்ள நான்தான் ஆணியால சுரண்டி எடுத்தேன்." பிறகு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "காப்பி ஆறிப்போச்சு பாரு, சூடு பண்ணிக் கொண்டாம்மா."

சூடு பண்ணிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.