அக்கா எழுதிய விண்ணப்பச் சீட்டு

எங்கள் அக்கா ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நாளில் எங்களோடு ஜெபிக்க வந்திருக்கும் உறவினர்களுக்கும், சபை மக்களுக்கும், அக்காவிடம் படித்த மாணவர்களுக்கும் உடன்பிறந்த தம்பியாகிய என் வணக்கம். இந்த நினைவு மலரில் எனக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க, வேற எதையும் கிளறாதீங்க" என்று என் மனைவி சொல்லி வைத்தாள். நல்லதைத்தான் எழுத உட்கார்ந்தேன். கிளறாமல் எழுத முடியவில்லை.

அக்கா பிறந்தது கீழ்வேளூருக்குத் தெற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில். அப்பா குத்தகை நிலத்தில் நெல் பயிரிட்டார், ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஆலயத்தின் மணியை அடித்தார். அக்காவுக்கு ஏழு வருடம் கழித்து நான் பிறந்தேன். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, நடவு முடிந்த வாரத்தில், அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அதோடு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டார். அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அம்மாவுக்குத் தலை வாரிவிடுவதும் அக்காதான், எனக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் அக்காதான். அப்போது அக்காவுக்குப் பதினைந்து வயது.

சபையார் வீட்டுக்கு வந்து சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். நல்ல மனதோடுதான் வந்தார்கள். முடிந்ததும் ஒரு பெரியவர், "விசுவாசம் இருக்கறவங்க இப்படி முடங்கி உட்கார மாட்டாங்க" என்றார். அக்கா அவருக்குக் கொண்டுவந்த தேநீர் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "ஐயா, அம்மாவுக்குக் காது கேக்குதுங்க" என்றார். அந்தப் பெரியவர் தேநீர் குடிக்காமலேயே எழுந்து போனார். அம்மா மறுபடி பேசத் தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்துத் தஞ்சாவூரில் வேலைக்குச் சேர்ந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்த அத்தானை மணந்தார். அத்தான் வாயே திறக்காத மனிதர், அக்காவோ வகுப்பறையிலும் வீட்டிலும் ஒரே குரலில் பேசுகிறவர். நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர் வேலைக்கு எழுதிய விண்ணப்பத்தைக்கூடச் சிவப்பு மையால் திருத்தித்தான் அனுப்பினார். அத்தான் மாரடைப்பில் போனபோது என் மருமகள், அக்காவின் ஒரே பெண், பத்தாம் வகுப்பில் இருந்தாள். அக்கா அழுததைவிட, அந்தப் பெண்ணைப் பரீட்சை எழுத வைத்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

ஓய்வு பெற்றபின் எல்லோரும் யாத்திரை போவார்கள், அக்கா படிக்கப் போனார். மனம் உடைந்தவர்களை ஆற்றுப்படுத்துவதற்கு ஓராண்டுப் பயிற்சி. முடித்து வந்து, எங்கள் சபை ஆலயத்தின் பக்கவாட்டில் உடைந்த பெஞ்சுகளும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும் கிடந்த அறையைக் கேட்டு வாங்கினார். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி. புதன்கிழமையும் சனிக்கிழமையும் திறந்திருக்கும்.

"அக்கா, நீ பேச ஆரம்பிச்சா வந்தவங்க பழைய கவலைய மறந்துருவாங்க. புதுசா ஒண்ணு வந்துரும்" என்று கேலி செய்தேன்.

"அதுக்குத்தான்டா, வாய மூடிக்கிட்டு கேக்கறதுக்கு ஒரு வருஷம் படிச்சுட்டு வந்துருக்கேன்" என்றார்.

இந்த இடத்தில், சபைக்குப் புதியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆலய வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. யாருக்காக, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், சபை ஜெபிக்கும். பெட்டியின் சாவி பல வருடமாக என்னிடம் இருந்தது. சபைக் கமிட்டியில் நான் மூத்தவன், குரலும் பெரியது, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் சேவலும் ஏலம் விடுவதும் நான்தான். எனக்கு அதில் பெருமை உண்டு.

அறை திறந்த முதல் வருடத்தில் ஓர் இளம் தாய் அக்காவிடம் வந்தாள். அவள் ஊரையும் பெயரையும் எழுத மாட்டேன். உள்ளே அவள் என்ன சொன்னாள் என்று அக்கா என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த வாரம் பெட்டியில் கிடந்த சீட்டில் எழுதியிருந்தது மட்டும் எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றபின் மனம் கலங்கி, குழந்தையைத் தூக்கவே பயப்படும் சகோதரிக்காக ஜெபியுங்கள் என்று இருந்தது. அடைப்புக்குறிக்குள் அவள் பெயரும், இன்னார் வீட்டு மருமகள் என்பதும். கையெழுத்து அக்காவுடையது.

அக்காவின் மனதில் கள்ளமில்லை. பெயர் சொல்லி ஜெபித்தால்தான் முழு ஜெபம் என்று நாங்கள் வளர்ந்தோம். அம்மாவுக்காகவும் அப்படித்தான் ஊர் முழுக்கப் பெயர் சொல்லி ஜெபித்தார்கள். நானும் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போதகரிடம் கொடுத்தேன். எனக்கும் தவறாகப் படவில்லை.

போதகர் வாசித்தார். நான்காவது வரிசையில் அந்தப் பெண்ணின் மாமியாருடைய தங்கை உட்கார்ந்திருந்தார். அன்று மாலைக்குள், குழந்தையை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் போய்ப் பேசி, குழந்தை அவளிடம் போய்ச் சேர இரண்டு வாரம் ஆனது. அக்கா இரண்டு பேருந்து மாறி மன்னிப்புக் கேட்கப் போனார், துணைக்கு நானும் போனேன். அந்தப் பெண்ணின் தாய் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"டாக்டர்கிட்ட காட்டிக்கிட்டு இருக்கோம். நீங்க ஜெபம் பண்ணினது போதும்மா, கிளம்புங்க" என்றார்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் சம்பா கதிர் வாங்கி நின்றது. அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கிட்ட நம்பிக் கொடுத்தத நான் ஊருக்கே கொடுத்துட்டேன்டா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அதன்பின் அக்கா அறையில் எழுதுவதையே விட்டுவிட்டார். பேனாகூட மேசையில் இருக்காது. வந்தவர்கள் கேட்டால்தான் ஜெபிப்பார், கேட்காவிட்டால் தண்ணீர் கொடுத்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். மருந்து தேவை என்று தோன்றினால் அவரே கூட்டிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய், மனநலப் பிரிவு வரிசையில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காருவார். "மாத்திரை சாப்பிட்டா விசுவாசம் இல்லைன்னு சொல்லிருவாங்களேம்மா" என்று பயந்தவர்களிடம், "நான் கண்ணாடி போட்டுத்தான் வேதம் வாசிக்கறேன். யாராவது எதுவும் சொல்றாங்களா?" என்பார். அந்த வரிசையில் அக்காவோடு உட்கார்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். நீங்களாகச் சொல்லாதவரை யார் என்று எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் அக்காவுக்கே வந்தது. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை. பாடகர் குழுவுக்குப் போவது நின்றது. அரிசியை ஊறவைத்துவிட்டு உலை வைக்க மறந்தார். ஒருநாள் காலை நான் போனபோது, அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா உட்கார்ந்த அதே மாதிரி.

"தம்பி, எனக்கு ஜெபம் வரலடா. வாயத் திறந்தா வார்த்தை இல்ல" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? அக்கா வந்தவர்களிடம் கேட்பதுபோல, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டிருக்கலாம். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் சொன்னது இது: "ஊருக்கே ஆறுதல் சொல்ற நீயே இப்படி உட்கார்ந்தா சிரிக்க மாட்டாங்களா? எந்திரி, எந்திரி."

அக்கா எழுந்தார். நான் சொன்னதற்காக எழுந்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அறையைப் பூட்டி, அக்கா வெளியூர் போயிருக்கிறார் என்று நானே ஒரு தாள் ஒட்டினேன். கேட்டவர்களிடம் சர்க்கரை என்றேன். அதோடு விட்டேனா? அந்த ஞாயிறு நானே ஒரு சீட்டும் எழுதிப் போட்டேன். சர்க்கரை நோயால் பலவீனமாக இருக்கும் சகோதரிக்காக, என்று. அக்கா அன்று ஆராதனைக்கு வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"எனக்குச் சர்க்கரையே கிடையாதேடா. ஆண்டவர் பாவம், இல்லாத சர்க்கரைய எங்க போய்த் தேடுவாரு?"

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாள் அக்கா தனியாகவே மருத்துவமனைக்குப் போய், பிறரைக் கூட்டிப்போன அதே மருத்துவர் முன் உட்கார்ந்தார். கூட வருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

மருந்தில் மெல்ல மெல்லத் தேறினார். ஒரு வருடத்தில் மறுபடி பாட வந்தார், அறையும் திறந்தது. அந்த அறுப்பின் பண்டிகைக்கு முந்திய நாள், நெல்மூட்டைகளும் வாழைத்தார்களும் ஆலயத்தில் வந்து குவிந்திருந்த நேரம், மடித்த சீட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். "பெட்டியில போட்டா நீ எப்படியும் பிரிச்சுப் பாப்பே. நேரா உங்கிட்டயே குடுத்துர்றேன்" என்றார். வாசித்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. தன் நோயை, தன் பெயரோடு, சபை நடுவே வாசிக்கச் சொல்லி எழுதியிருந்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம். இப்பப் போய் இத வாசிச்சா அவங்க என்ன நினைப்பாங்க? கல்யாணம் முடியட்டும்" என்றேன்.

அக்கா "சரிடா" என்றார். சீட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் அதை என் பாட்டுப் புத்தகத்தில் வைத்தேன். மறுநாள் ஏலத்தில் என் குரல் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்ததாகச் சொன்னார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. அடுத்த அறுப்பின் பண்டிகைக்குள் வாசித்துவிடலாம் என்றிருந்தேன். ஒரு சனிக்கிழமை அறையைப் பூட்டிவிட்டு வந்து மதியம் படுத்த அக்கா எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள். அடக்க ஆராதனையில், கொஞ்ச நாளாகச் சர்க்கரையால் அவதிப்பட்டார் என்று சொன்னார்கள். சொல்லிக் கொடுத்தவன் நான். சவப்பெட்டியில் கிடந்த அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, தலைமாட்டில் நிற்காமல் கால்மாட்டில் நின்றேன்.

போன மாதம், இந்த மலருக்காக என் மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். உன் அம்மாவின் நோயைப் பற்றி எழுதலாமா, உன் புகுந்த வீட்டார் படித்தால் பரவாயில்லையா என்று கேட்டேன்.

"மாமா, நிச்சயத்துக்கு முன்னாடியே அம்மா அவர்கிட்டயும் என் மாமியார்கிட்டயும் சொல்லிட்டாங்க. மாத்திரைச் சீட்டைக்கூடக் காட்டினாங்க. அவங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னாங்க."

ஆக, அந்தச் சீட்டு யாருடைய கல்யாணத்துக்காகவும் காத்திருக்கவில்லை. என் ஒருவனுக்காகக் காத்திருந்தது. பிறர் நோயெல்லாம் கேட்ட அக்கா, என் பயத்தையும் ஒரு நோயாக எண்ணிப் பொறுத்துக்கொண்டார் போலும். அது தெரிந்த அன்று ஆண்பிள்ளை என்றும் பார்க்காமல் அழுதேன்.

நன்றி சொல்லி முடிக்க வேண்டும். அக்கா கேட்டவுடன் அறையைத் தந்த முன்னாள் போதகருக்கும், இன்றைய போதகருக்கும் நன்றி. அக்கா படுத்திருந்த நாட்களில் கேள்வி எதுவும் கேட்காமல் தினமும் ரசம் கொண்டுவந்து கொடுத்த எதிர்வீட்டு அம்மாவுக்கு நன்றி. அக்காவை நோயாளியாகவும், தம்மோடு சேர்ந்து உழைப்பவராகவும் ஒரே மரியாதையோடு நடத்திய மனநல மருத்துவருக்கு எங்கள் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. அவரை இத்தனை நாள் சர்க்கரை டாக்டர் என்று சொல்லி வந்ததற்கு மன்னிப்பும் கேட்கிறேன். அக்காவின் அறை இந்தப் புதன்கிழமை முதல் மறுபடி திறக்கிறது. பயிற்சி பெற்ற ஒரு சகோதரி பொறுப்பேற்கிறார். பெட்டியின் சாவியைக் கமிட்டியிடம் ஒப்படைத்துவிட்டேன். சொந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் உள்ள சீட்டை, அந்தப் பெயருக்குரியவர் சம்மதம் இல்லாமல் வாசிப்பதில்லை என்று கமிட்டியும் தீர்மானித்திருக்கிறது.

இன்றைய ஆராதனையில் பெட்டியிலிருந்து எடுக்கும் முதல் சீட்டு அக்காவுடையது. நேற்று நானே போட்டேன். பாட்டுப் புத்தகத்தில் கிடந்ததில் மடிப்பு கிழிந்திருக்கிறது, எழுத்து நன்றாகவே தெரிகிறது. அடியில் இருக்கும் பெயர் இந்த மலரின் அட்டையில் இருப்பதுதான், முழுப் பெயர். வர முடியாதவர்களுக்காக இங்கே அப்படியே தருகிறேன்.

"ஓராண்டுக்கு மேல் எனக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. என்னால் ஜெபிக்க முடியவில்லை. அந்த நாட்களில் எனக்காக ஜெபித்தவர்களுக்காகவும், எனக்கு மருந்து கொடுத்த மருத்துவருக்காகவும், ஒளித்துவைத்தாவது என்னைப் பார்த்துக்கொண்ட என் தம்பிக்காகவும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என்னால் பெயர் வெளியே வந்து வருந்திய ஒரு மகளுக்காகச் சபையார் ஜெபியுங்கள். அவள் பெயரைச் சொல்ல மாட்டேன். கீழே இருப்பது என் பெயர். போதகர் ஐயா அவர்கள் சத்தமாக வாசிக்கவும்."