கூட்டாளி படத்துக்குக் கீழே சாய்ந்த எழுத்து

எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் சாயலை வைத்துத்தான் என்ன போஸ்டர் என்று கண்டுகொள்வேன். தடித்து நிமிர்ந்து நின்றால் கட்சி. வலப்பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் பருத்து, இன்னோரிடத்தில் மயிரிழையாக மெலிந்து, நுனியில் சின்னக் கொக்கியோடு முடியும் அழகான எழுத்தென்றால் கண்ணீர் அஞ்சலி. எங்கள் தெருவில் செத்தவர்களுக்கெல்லாம் அப்படித்தான் ஒட்டினார்கள். என் சம்சாரத்துக்கும் அதுதான். அவளுக்கு அழகாகத்தான் இருந்தது.

போன மாசம் பஸ்ஸில் பேரையூருக்குள் நுழையும்போது சுவரில் அதே எழுத்தைப் பார்த்தேன். மேலே என் கூட்டாளி கருப்பையாவின் படம். இறங்கி ஒரு மாலையை வாங்கிக்கொண்டு போய், அவன் வீட்டு வாசலில் ஓவென்று அழுதேன்.

வாய் நிறையச் சோறோடு கருப்பையாவே வெளியே வந்தான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன்டா இம்புட்டு அழுகை?"

"போஸ்டர்ல அஞ்சலி எழுத்து இருந்துச்சேடா!"

"கூறுகெட்ட பயலே, அது என் எண்பதாம் கல்யாணத்துக்குப் பேரன் அடிச்சது. பத்திரிகையும் அதே எழுத்துதான். நாளைக்கு உன் வீட்டுக்கு வைக்க வரலாம்னு இருந்தேன்."

மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவன் தலையைக் குனித்துக் கழுத்தை நீட்டினான்.

"வாங்குனதப் போடுறா, வாடிப் போயிரும்."

போட்டேன். இப்போதும் அந்த எழுத்தைக் கண்டால், பக்கத்தில் நிற்பவரைப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது.