நான் விழுங்கிய 'வேண்டாம்'

கைப்பேசி எல்லோர் கைக்கும் வந்துவிட்ட பிறகு, ஓர் ஐப்பசி மழையில் நடந்தது இது. அப்போது கண்டி நகரில், ஒரு மருந்துக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நகைக்கடை விளம்பரம், வானொலி நாடகம், சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் தொடர் என்று எது வந்தாலும் விடமாட்டேன்.

நான் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். பேச்சில் தோட்டத்து வாடை வரக்கூடாது என்று கண்ணாடி முன் நின்று பழகியவள். அப்படிப் பழகியதில் எனக்கென்று ஒரு பாணி வந்திருந்தது. வாக்கியம் முடியும்போது குரலை இறக்கி, கடைசிச் சொல்லை மூச்சோடு மெல்லக் கரைத்துவிடுவேன். வளையல் விளம்பரத்துக்கு அது நன்றாகவே எடுபட்டது. நாலு பேர் பாராட்டியதும் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது.

அந்த முறை ஒரு வாரமாக மழை விடவில்லை. எங்கள் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று லயங்கள் என்னும் வரிசை வீடுகளில் இருந்தவர்களை வெளியேறச் சொல்லிவிட்டார்கள். இப்படி மழை வந்தால் எல்லோரும் பழைய பாடசாலைக் கட்டடத்துக்குத்தான் போவது வழக்கம். ஆனால் இம்முறை அதன் பின்னால் இருந்த மேட்டிலேயே வெடிப்பு கண்டிருந்தது. சனத்தை அங்கே போகாமல் தடுக்க, வான் வண்டி ஒன்றில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் போட ஒரு தொண்டர் குழு முடிவு செய்தது. தோட்டத்துப் பிள்ளையாயிற்றே என்று என்னையே பேசச் சொன்னார்கள்.

'பழைய பாடசாலைக் கட்டடத்தில் தங்க வேண்டாம். கோயில் மண்டபத்தில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.' இவ்வளவுதான் வாசகம். காலையில் ஒரே மூச்சில் பேசி முடித்தேன். ஒலிப்பதிவாளர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "முதல் வரியில கடைசிச் சொல்லை விழுங்கிப்போட்டீர். இன்னொருக்கா சொல்லும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "நல்லாத்தாண்ணே கேக்குது. வான் காத்துக்கிட்டு நிக்குது" என்று எழுந்துவிட்டேன். அந்த அறைக்குள் நன்றாகக் கேட்டது என்னவோ உண்மைதான்.

பகல் ஒரு மணி இருக்கும். தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்ட என் அக்கா கைப்பேசியில் அழைத்தாள். பின்னால் மழை இரைச்சல், அவள் பிள்ளைகளின் கூச்சல்.

"ஒங் கொரல மைக்குல கேட்டோம்டி! எல்லாரும் ஒன்னயத்தான் பேசிக்கிறாங்க. நீ சொன்ன மாதிரியே ஸ்கூலுக்குக் கெளம்பிட்டோம்."

"ஸ்கூலுக்கா?" என்று கத்தினேன்.

"ஆமா. நீதானே ஸ்கூல்ல தங்கச் சொன்ன? கோயில்லயும் எடம் இருக்குன்ன. ஸ்கூலுதானே கிட்ட. பாதிப் பேரு உள்ள போயிட்டாங்க."

போகாதே என்று நான் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பத் திரும்ப எடுத்தேன், கிடைக்கவில்லை. என்ன நடந்தது என்பது அப்போதுதான் உறைத்தது. மழை இரைச்சலிலும் மலையில் மோதி வந்த எதிரொலியிலும் என் மெல்லிய 'வேண்டாம்' யார் காதிலும் விழவில்லை. தமிழில் செய் என்பதும் செய்யாதே என்பதும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கின்றன. நான் அந்த வாலை வெட்டி அனுப்பியிருந்தேன். 'தங்க' என்பது வரைக்கும் கேட்ட சனம், பழகிய இடத்துக்கே போய்விட்டது.

வான் சாரதியின் எண் ஒலிப்பதிவாளரிடம் இருந்தது. ஒரு வார்த்தைகூடக் குத்திக்காட்டாமல் எடுத்துத் தந்தார். மூன்றாவது தடவைதான் மணி அடித்தது. அதுவரை அக்காவின் சின்னவன் அந்தக் கட்டடத்துக்குள் ஓடி விளையாடுவதுதான் என் கண்ணுக்குள் நின்றது.

விஷயத்தைச் சொன்னதும் சாரதி பதறிவிட்டார். "யா அல்லாஹ்! தங்கச்சி, நான் வெளியாள். நான் செல்லி அவங்க கேக்கமாட்டாங்க, ஒங்கட கொரலுக்குத்தான் கேப்பாங்க. ஸ்கூல் வாசலுக்கே வான எடுக்கிறன். மைக்குக்கிட்ட போனப் புடிக்கிறன், நீங்களே செல்லுங்க."

பதற்றத்தில் நான் படபடவென்று ஆரம்பித்தேன். ஒலிப்பதிவாளர் கையைத் தாழ்த்தி, மெதுவாக என்று சைகை காட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயை முழுதாகத் திறந்தேன். கண்ணாடி முன் பழகிய தமிழ் வரவில்லை, தோட்டத்துத் தமிழ்தான் வந்தது.

"வேணாம்! ஸ்கூலு வேணாம்! உள்ள இருக்கவங்க வெளிய வாங்க! கோயிலுக்குப் போங்க!"

ஒரு சொல்லின் எதிரொலி அடங்கிய பிறகே அடுத்த சொல்லைச் சொன்னேன். மறுமுனையில் மழையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. யாராவது வெளியே வருகிறார்களா, நான் வெறும் காற்றோடு பேசுகிறேனா, எதுவும் தெரியாது. நிறுத்தவும் பயமாக இருந்தது. எத்தனை தடவை சொன்னேனோ, கடைசியில் சாரதியின் குரல் வந்தது. "போதும் தங்கச்சி. எல்லாரும் வெளிய வந்திட்டாங்க. ஒங்கட அக்காவும் கோயில் பக்கம்தான் போறாங்க." அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அன்று மாலையே மேடு சரிந்து, பாடசாலையின் பின்சுவர் மண்ணோடு உள்ளே விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

இப்போது எதைப் பதிவு செய்தாலும் அதை வெளியே தெருவில் ஒலிக்கவிட்டு, போகிற வருகிறவரிடம் கடைசிச் சொல் என்ன கேட்டது என்று விசாரித்த பிறகே அனுப்புகிறேன். "ஒங் கொரலுதான் எங்களக் காப்பாத்திச்சு" என்று அக்கா இன்றும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறாள்; அவர்களை அந்தக் கட்டடத்துக்கு அனுப்பியதும் அதே குரல்தான்.